லே மிசெராபிள்: பதினோராவது முறை பார்த்த பிறகு

2006 டிசம்பர், நான் லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம். இருப்பதிலேயே மலிவான டிக்கெட் எடுத்து, குயின்ஸ் தியேட்டரின் மேல் மாடியில் உட்கார்ந்து லே மிசெராபிள் என்ற இசை நாடகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். வசனம் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை, எல்லாமே பாட்டு. அதுவும் வேகமான ஆங்கிலப் பாட்டு, பாதி காதில் நிற்கவில்லை. ஆனாலும் கதை பிடிபட்டது. அதற்குக் காரணம் அப்பா. இதே விக்டர் ஹ்யூகோ நாவலிலிருந்து 1950இல் தமிழில் வந்த 'ஏழை படும் பாடு' படத்தை அவர் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் துரத்தும் போலீஸ்காரராக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது அல்லவா, அந்த ஜாவர்தான் இங்கேயும்.

1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் இது தொடங்கியபோது விமர்சகர்கள் பலர் மட்டமாக எழுதினார்கள். ஜனங்கள் கேட்கவில்லை, டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இத்தனை முறை ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு மெட்டைப் பற்றி. வெள்ளிச் சாமான்களைத் திருடி மாட்டிக்கொண்ட கதாநாயகன் வால்ஜானை, நான்தான் கொடுத்தேன் என்று சொல்லிக் காப்பாற்றுகிறார் பாதிரியார். மெழுகுவர்த்தித் தாங்கிகளையும் சேர்த்துக் கையில் கொடுக்கிறார். வால்ஜான் தனியாக நின்று உடைந்துபோய் ஒரு பாட்டுப் பாடுகிறான். இரண்டாம் பாதியில், கொன்றுவிடலாம் என்ற நிலையிலும் வால்ஜான் ஜாவரை உயிரோடு விட்டுவிடுகிறான். ஜாவர் பாலத்தின் மேல் நின்று பாடுவதும் அதே இசைதான். மன்னிப்பு கிடைத்த ஒருவன் புது மனிதனாக எழுந்து போகிறான், இன்னொருவன் அதைத் தாங்க முடியாமல் ஆற்றில் விழுகிறான். நான்காவது முறை பார்க்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. பக்கத்தில் இருந்த மனைவியின் கையைப் பிடித்து, "அதே மெட்டு, அதே மெட்டு" என்று கிசுகிசுத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கின. ஃபான்டீன் என்ற ஏழைத் தாய் சாகும்போது மகளை அழைத்துப் பாடும் மெட்டில்தான், யாருமில்லாத தெருவில் எபோனீன் என்ற பெண் தன் காதலைப் பாடுகிறாள். இசையமைப்பாளர் க்ளோத்-மிஷேல் ஷோன்பெர்க் இதையெல்லாம் இழை இழையாகப் பின்னி வைத்திருக்கிறார்.

ஒரு பெரிய குறை உண்டு. 2019இல் பழைய வடிவத்தை நிறுத்திவிட்டு, புது அரங்க அமைப்போடு மறுபடி தொடங்கினார்கள். தியேட்டர் பெயரும் சோன்ட்ஹைம் என்று மாறியது. அதோடு சுழல் மேடை போய்விட்டது. பழைய வடிவில், கிளர்ச்சி செய்யும் மாணவர்களின் சண்டை ஓய்ந்து துப்பாக்கிச் சத்தம் அடங்கியதும் அந்தப் பிரம்மாண்டமான தடுப்பரண் மெல்லத் திரும்பும். பாட்டில்லை, இசை மட்டும். மறுபக்கம், மாணவர் தலைவன் ஆன்ஜோல்ராஸ் சிவப்புக் கொடியின் மேல் தலைகீழாகக் கிடப்பான். அந்தத் திரும்பலுக்கு ஈடாகப் புதியதில் எதுவும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஹ்யூகோ வரைந்த ஓவியங்களிலிருந்து எடுத்த பின்னணிக் காட்சிகள் அருமை. காயம்பட்ட மாணவன் மரியூஸை வால்ஜான் சுமந்துகொண்டு பாதாளச் சாக்கடையில் நடக்கும் இடம் முன்பைவிட இப்போதுதான் நெஞ்சை அடைக்கிறது.

முதல் முறை போகிறவர்கள் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். இது 1789 புரட்சி இல்லை, 1832 ஜூனில் பாரிஸில் நடந்து தோற்றுப்போன கிளர்ச்சி. இடைவேளையோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம். மேல் மாடி போதும், கூட்டமாக நின்று பாடும் காட்சிகள் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும்.

2006இல் நான் மாணவர்கள் பக்கம் இருந்தேன். அவர்கள் கொடியை உயர்த்தும்போது எனக்கும் எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. வால்ஜானின் 'பிரிங் ஹிம் ஹோம்' வந்தபோது சண்டைக் காட்சி எப்போது வரும் என்று காத்திருந்தேன். தூங்கும் ஒரு பையனுக்காக, இவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பு, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் கேட்கும் பாட்டு அது. உச்சத்தில், ஆனால் மிக மெல்லிய குரலில் பாட வேண்டும். போன மாதம் அதைக் கேட்டபோது, வேறு ஊரில் கல்லூரி விடுதியில் இருக்கும் என் மகன் சாப்பிட்டிருப்பானா என்ற நினைப்பு வந்தது. கடைசி ஸ்வரம் அடங்கும்வரை அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. இடைவேளையில் அணைத்து வைத்திருந்த போனை, காட்சி முடிந்து ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் கால் வைத்ததும் எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.