‘கழுவத் தேவையில்லை’ போத்தலும் கிரவல் புழுதியும்

வன்னியில், விசுவமடுவில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா. பிள்ளைக்கு இரண்டு மாதம், கிணற்றுத் தண்ணி கடினம், பிரான்சிலிருந்து மச்சாள் வாறா; பிள்ளைகளுக்கென்று வருகிற, பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டுக் கழுவாமல் விடுகிற அந்தக் கிளென்சரில் ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லலாமோ என்று. ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிக்கப் பார்த்தேன், சரிவரவில்லை. எங்கள் வீட்டில் 14 மாதப் பாவிப்பு, 500 மில்லிலீற்றர்ப் போத்தல் ஐந்து, நடுவில் கம்பனி ஒருமுறை மாறியது. பஞ்சில் நனைத்துத் துடைப்பது, கண் எரியாது, மணம் குறைவு என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போத்தலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற அந்த ஒரு வசனத்தோடுதான் எனக்குக் கொழுவல்.

கழுவத் தேவையில்லையாம்.

போத்தலில் பெரும்பகுதி தண்ணி. மிச்சத்தில் அழுக்கைப் பிடிக்கிற நுரைப்பொருள், கிளிசரின், பழுதாகாமல் காக்கிற பொருள். தோலில் பூசியதும் தண்ணி காற்றோடு போய்விடும், மற்றது எல்லாம் தோலிலேயே கிடக்கும். குளிர்தேசத்து அறைக்குள், காய்ந்த காற்றில், அந்த மிச்சம் ஒரு மெல்லிய பூச்சுப்போல இருந்துவிட்டுப் போகலாம். இங்கே சித்திரைப் புழுக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிற பிள்ளையின் கழுத்து மடிப்புக்குள் அது காய்வதே இல்லை. கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கிற சாமான். அதோடு வியர்வை சேர, மடிப்பின் இரண்டு பக்கத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டும். பிறகு வைகாசியில் கச்சான் காற்று தொடங்கும். கிரவல் றோட்டோரத்து வீடென்றால் சொல்லத் தேவையில்லை: காலையில் துடைத்த கழுத்தை மத்தியானம் நாடியைத் தூக்கிப் பார்த்தால், மடிப்பின் உள்ளே செம்மண் நிறத்தில் நூல் பிடித்தமாதிரி ஒரு கோடு. துடைக்காமல் விட்ட மறுபக்கத்தில் அந்தக் கோடு இல்லை. புழுதி பிடிக்க வேண்டாமென்று துடைத்த இடத்தில்தான் புழுதி பிடிக்கிறது!

சந்தேகமென்றால் உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பரவுங்கோ. மூன்று நிமிடம் கழித்துப் புறங்கையால் தொட்டு எடுங்கோ. லேசாக ஒட்டிப் பிரிந்தால் அந்தச் சாமான் பிள்ளையின் மடிப்பிலும் அதைத்தான் செய்யும். கம்பனிக்குக் கம்பனி இது வித்தியாசம். நடுவில் மாறி வாங்கியது இன்னும் மோசமாக ஒட்டியது.

தீர்வு சின்னது. அதுதான் கோபத்தைக் கூட்டுகிறது. முதல் பஞ்சு கிளென்சரோடு, இரண்டாவது பஞ்சு வெறும் தண்ணியோடு, மூன்றாவதாக உலர்ந்த வேட்டித் துண்டால் ஒற்றி எடுப்பது. உரசக் கூடாது, ஒற்ற வேண்டும். முகத்துக்கும் கைக்கும் இரண்டாவது பஞ்சு இல்லாமலும் சமாளிக்கலாம். கழுத்து, கமக்கட்டு, காதுக்குப் பின்பக்கம், தொடை இடுக்கு இந்த நான்குக்கும் கட்டாயம். மழை பிடித்த பிறகு, கார்த்திகை மார்கழி வாடைக் காற்றில், இரண்டாவது பஞ்சு இல்லாமலே காலம் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வருடத்தில் அரைவாசிக்குப் பொய்யாகிப் போகிற வசனத்தை ஏன் அவ்வளவு பெரிய எழுத்தில் அடிப்பான்?

இனி அந்த இரண்டாவது பஞ்சுக்கு எந்தத் தண்ணி என்ற கேள்வி. கிணற்றுத் தண்ணியை அப்படியே எடுக்க வேண்டாம். அந்தத் தண்ணியிலும் சவர்க்காரத்திலும் குளிக்க வார்ப்பதில் உள்ள சிக்கலை முதலில் பாருங்கோ: கடினத் தண்ணியில் கல்சியம், மக்னீசியம் இருக்கு. சவர்க்காரம் அதோடு சேர்ந்தால் நுரையாமல் தயிர்மாதிரித் திரளும். வாளியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் படிவது அதுதான். அது பிள்ளையின் தோலிலும் படியும், பிறகு எத்தனை சிரட்டை ஊற்றினாலும் இலகுவில் போகாது. இதற்குமேல் சாதாரண சவர்க்காரத்தின் பிஎச் 9 இலிருந்து 10 வரை. பிறந்த பிள்ளையின் தோல் நடுநிலைக்கு அண்மையில் தொடங்கி, வாரக் கணக்கில் மெல்ல மெல்ல 5.5 பக்கம் புளிப்புக்கு இறங்குகிற நேரம் அது. தோலின் காவல் கட்டப்படுகிற அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாளும் காரம் பூசுவது காயாத மண்சுவரில் தண்ணி அடிப்பதுபோல. இங்கிலாந்தில் மூன்று மாதப் பிள்ளைகள் 1,303 பேரை வைத்துச் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வில், கடினத் தண்ணி உள்ள இடங்களில் கரப்பன் கூடுதலாகக் கண்டார்கள். தண்ணிதான் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆனால் கேத்திலின் அடியில் வெள்ளைக் காரை பிடிக்கிற வீட்டில் இருப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் போத்தலுக்கு முழு மரியாதையும் கொடுக்கிறேன். உள்ளே இருக்கிற டெசில் குளுகோசைட், பொலோக்சமர், பொலிசோர்பேட் 20 வகை நுரைப்பொருட்கள் சவர்க்காரம்போலக் கல்சியத்தோடு சேர்ந்து திரளாது. குளிக்க வார்க்காத நாளில், கிணற்றை நம்பாமல், ஒரு பிள்ளையைச் சுத்தமாக்க முடிகிறதென்றால் வன்னிக்கு அது சின்ன விசயமில்லை. ஆவணி புரட்டாதியில் கிணறு கீழே போய், தண்ணிப் பவுசர் வரும்வரை வாளியை எண்ணிப் பாவிக்கிற வீடுகளுக்கு இன்னும் பெறுமதி. முதல் வருடத்தில் கிழமைக்கு மூன்று முறை குளிக்க வார்த்தால் போதும் என்று அமெரிக்கப் பிள்ளை மருத்துவர் சங்கமே சொல்லுது. மற்ற நாலு நாளுக்கும் இந்தத் துடைப்பு போதும்.

தண்ணிக்கு வருவோம். கேத்திலில் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, அடியில் இருக்கிற மண்டி கலங்காமல் மேல் தண்ணியை மட்டும் வார்த்து எடுங்கோ. கொதிக்கும்போது கடினத்தின் ஒரு பகுதி காரையாக அடியில் இறங்கிவிடும். முழுக்க இல்லை, ஒரு பகுதி. கடற்கரைப் பக்கம் சவர்த் தண்ணி உள்ள வீடுகளில் இது சரிவராது. உப்புக் கொதித்துப் போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் கரிக்கும். அங்கே வடிகட்டி விற்கிற ஆர்.ஓ. தண்ணியைக் கொதித்தாற வைத்துக்கொள்ளுங்கோ. ஒரு நாள் துடைப்புக்கு 100 மில்லிலீற்றர் கூடத் தேவையில்லை, ஆகவே செலவு பெரிதாக வராது. அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே ஊற்றிவிடுங்கோ.

எவ்வளவு பிடிக்கும்? பம்பை ஒரு முறை அமத்தினால் எவ்வளவு வருகிறது என்று பாணி மருந்துக்குத் தருகிற 5 மில்லிலீற்றர்க் கரண்டியில் அமத்திப் பாருங்கோ. எங்களதில் மூன்று அமத்தலுக்குக் கரண்டி நிறைந்தது. பஞ்சு வட்டம் ஒன்று நனைய 3, 4 மில்லிலீற்றர் வேண்டும். போத்தல்காரன் சொல்கிறபடி முகம், கழுத்து, கை, நப்பி இடம் என்று நாளுக்கு ஐந்து ஆறு பஞ்சு போட்டால் 20 மில்லிலீற்றர். 25 நாளில் போத்தல் காலி. மடிப்புகளுக்கு மட்டும் என்று நிறுத்தினால் 6 மில்லிலீற்றரோடு முடியும், மூன்று மாதம் கிட்ட ஓடும். முகத்தில் உள்ள பாலுக்கும் சாதாரண நப்பி மாற்றலுக்கும் வெறும் தண்ணியும் பஞ்சும் தாராளம். காய்ந்து பிடித்துப்போன மலத்துக்கு மட்டும் கிளென்சர் எடுங்கோ, பஞ்சை வைத்துப் பத்து எண்ணி ஊறவிட்டுப் பிறகு துடையுங்கோ. பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்னுக்கு. துத்தநாகக் கிறீம் பூசியிருந்தால் அதை வெள்ளை போகும்வரை தேய்த்து எடுக்கத் தேவையில்லை, மேலே அழுக்குப் பட்ட படையை மட்டும் எடுத்தால் போதும். கண்ணுக்குக் கிளென்சர் வேண்டாம். கொதித்தாறிய தண்ணி, கண்ணுக்கு ஒரு பஞ்சு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே. தொப்புள்கொடி விழுமுன் அந்தப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வேர்க்குரு போட்ட இடத்திலும் பூச வேண்டாம், அதற்குக் காற்றும் குளிர்ந்த தண்ணியும்தான். தொடை இடுக்கில் கடும் சிவப்பும் ஓரமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியும் கண்டால் அது பங்கசாக (பூஞ்சைத் தொற்றாக) இருக்கலாம். கிளென்சரை மாற்றி மாற்றிப் பார்க்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ.

எதிர்பாராமல் சந்தோசப்பட்டது ஒன்று இருக்கு: கரும்பொட்டு. கன்னத்திலும் நெற்றியிலும் வட்டமாக அப்பிவிடுகிற மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணிக்கு அசையாது. சவர்க்காரம் போட்டால் கன்னமெல்லாம் இழுபட்டுப் பரவும், பிள்ளை வீரிட்டுக் கத்தும். நனைத்த பஞ்சை பொட்டின்மேல் வைத்து, அசைக்காமல், ஐந்து எண்ணி நேரே தூக்குங்கோ. பஞ்சில் வட்டம் அப்படியே முத்திரை குத்தினமாதிரி வந்திருக்கும், கன்னத்தில் சாம்பல் நிழல் மட்டும் மிச்சம். பஞ்சைத் திருப்பி இன்னொருக்கால் வைத்தால் அதுவும் போகும். பிள்ளை முழிப்பதுகூட இல்லை. நுரைப்பொருள் உருண்டைகள் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிற வேலை இது; பெரிய ஆக்கள் மேக்கப் கழற்றப் பாவிக்கிற மைசெலர் தண்ணியும் இதே சாதிதான். (கடை மைகளில் ஈயம் கலந்தவையும் உண்டு. பொட்டு வைத்துத்தான் தீருவோம் என்கிற அம்மம்மாமார் வீட்டில் கரைத்த மையை வைக்கட்டும்.)

லேபிளைத் தெரிந்து வாங்குகிறவர்கள் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கோ. பொருள் பட்டியலின் கடைசியில் ‘பர்பியூம்’, அதாவது வாசனை, இருந்தால் எனக்கு வேண்டாம். லவண்டர் எண்ணெய் என்று இயற்கைப் பெயரில் வந்தாலும் அதே கதை. பழுதாகாமல் காக்கிற பொருட்களில் மீதைல்ஐசோதயசோலினோன் கண்டால் போத்தலை வைத்துவிட்டு வாங்கோ. கழுவாமல் விடுகிற பூச்சுகளில் ஐரோப்பா அதை 2017 இலிருந்து தடைசெய்திருக்கு. அதே வேலைக்குப் போடுகிற பீனொக்சிஎதனோல் பற்றி இழுபறி: பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012 இல் மூன்று வயதுக்குக் கீழே நப்பி படுகிற இடத்துக்கு வேண்டாம் என்றது, ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியற் குழு 2016 இல் 1 வீதம் வரை சரி என்றது. அது இல்லாதது கிடைக்கிறபோது இழுபறிக்குள் ஏன் போவான். மென்மை என்று பேர் எடுத்த குளுகோசைட் வகைக்கும் சிலருக்கு ஒவ்வாமை வரும். 2017 இல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் அதைத்தான் அந்த வருடத்து ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஆகவே புதுப் போத்தல் எதையும் முதல் மூன்று நாள் முழங்கை மடிப்பில் மட்டும் பூசிப் பாருங்கோ. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை குறைவு) என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், ஒவ்வாமை வரவே வராது என்ற உத்தரவாதம் இல்லை அது. பிள்ளையைத் துடைத்த கையோடு பேபி கொலோனை எடுத்துத் தெளிக்கிற பழக்கத்தையும் விடுங்கோ. பெரும்பாலும் மதுசாரமும் வாசனையும்தான் அதில் இருக்கு, பிறகு மணமில்லாத கிளென்சர் எதற்கு?

கெட்டுப்போகிற வழிகளில் முதலாவது சிக்கனம். கால் போத்தல் மிஞ்சினதும் கொதித்தாறிய தண்ணி விட்டுப் பெருக்குகிறார்கள். நிறமும் மாறாது, மணமும் மாறாது, ஆனால் பழுதாகாமல் காக்கிற பொருளின் அளவு குறைந்துவிடும். பிறகு உள்ளே கிருமி வளரத் தடையில்லை, அதைத்தான் மடிப்புக்குள் பூசுவோம். இரண்டாவது சூடு. யன்னல் விளிம்பிலோ தகரத்துக்குக் கீழே அலுமாரி உச்சியிலோ வைக்காமல் மண்பானைப் பக்கம், நிலத்தோடு வையுங்கோ. லேபிளில் திறந்த பேணிப் படத்துக்குள் 6எம் என்றிருந்தால் திறந்து ஆறு மாதம். திறந்த திகதியை அடியில் எழுதிவிடுங்கோ. பொதியில் வருகிற போத்தலின் பம்ப் வழியில் அமங்கி அரைவாசி உடுப்புக்குப் போன கதை எல்லா வீட்டிலும் உண்டு. பம்பைக் கழற்றித் தனியே வைத்து, வாய்க்குப் பொலித்தீன் துண்டு போட்டு மூடி இறுக்கச் சொல்லுங்கோ.

தங்கச்சிக்கு என்ன சொன்னேன்? இப்ப ஆவணி. வெளியே கச்சான் ஒழுங்கைப் புழுதியை அள்ளி வீசுது, இரண்டாவது பஞ்சு நனைத்தே கை ஓய்ந்த நேரத்தில் கேட்டா. வேண்டாம், அந்த அரைக் கிலோ நிறைக்கு நல்ல மென்பஞ்சுத் துண்டாகக் கொண்டுவரச் சொல்லு, தண்ணியைக் கொதித்தாற வைத்துத் துடை என்று எழுதிவிட்டேன்.

எங்கள் வீட்டு ஆறாவது போத்தலுக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு. ஐப்பசியில் வருகிறவரிடம்.