மறுநாள் வலியா, பயிற்சிக் குறிப்பேடா? உடற்பயிற்சியின் பலனை எதைக் கொண்டு அளப்பது

கால் பயிற்சி செய்த மறுநாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்குபவரின் முகத்தில் வேதனையோடு ஒரு திருப்தியும் தெரியும். வலியில்லாமல் எழுந்தவரோ, நேற்றுச் செய்ததெல்லாம் வீணாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவார். வலியைத் தவிர வியர்வை, தசையின் உடனடிப் புடைப்பு, பயிற்சிக் குறிப்பேடு என வேறு அளவுகோல்களும் உண்டு. இவற்றுள் குறிப்பேட்டையே நான் நம்புகிறேன்; ஆனால் வலியின் தரப்பையும் முழுமையாகக் கேட்டுவிட வேண்டும்.

பயிற்சிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை எட்டும் இந்த வலியை 1902ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று இன்றும் பல ஜிம்களில் சொல்லப்படுகிறது. ஆனால், பயிற்சியின்போது உயரும் லாக்டேட் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கிவிடுவதால், மறுநாள் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது. தசை சுமையைத் தாங்கியபடியே நீளும்போது அதன் இழைகளிலும் சுற்றியுள்ள இணைப்புத் திசுவிலும் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைத் தொடரும் அழற்சியுமே முக்கியக் காரணங்கள். பழனி மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆனால் மறுநாள் முன்தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். ஒவ்வொரு படியிலும் உடலின் எடையை நிறுத்தி நிறுத்தி இறக்கியது அந்தத் தசையே.

ஆகவே, உடலுக்குப் பழக்கமில்லாத வேலை கொடுக்கப்பட்டது என்பதை இந்த வலி தெளிவாகச் சொல்கிறது. தசை வளருமா, வலிமை கூடுமா என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடையில்லை. ஒரே பயிற்சியைச் சில வாரங்கள் தொடர்ந்தால், எடையைப் படிப்படியாகக் கூட்டினாலும்கூட வலி பெரிதும் குறைந்துவிடுகிறது. 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரு குழுவினருக்கு மூன்று வாரங்கள் மெதுவாகப் பழக்கிய பிறகும், இன்னொரு குழுவினருக்கு எடுத்த எடுப்பிலேயும் கடும் பயிற்சி தரப்பட்டது. முதற்குழுவினருக்கு வலி மிகக் குறைவு. இருந்தும் இறுதியில் இரு குழுவினரின் தசை வளர்ச்சியும் வலிமையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. மாரத்தான் ஓடியவர்களுக்குத் தொடை நாட்கணக்கில் வலித்தாலும், அதனால் எவருக்கும் தொடை பருத்துவிடுவதில்லை என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

வலியால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய பயிற்சி ஒன்றைக் கற்கும்போது எந்தத் தசை வேலை செய்தது என்பதை அது ஓரளவு காட்டும். அளவு மீறியதையும் எச்சரிக்கும். வலி கடுமையாகி, தசை வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே நடக்க முடியாமல் அனுப்பிவைப்பதைப் பெருமையாக நினைக்கும் மாஸ்டர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வியர்வையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: சென்னையின் மே மாதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை நனைந்துவிடும். ‘பம்ப்’ எனப்படும் புடைப்பு, தசைக்குள் இரத்தமும் நீரும் பாய்வதால் வருவது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் வடிந்துவிடும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை நான்குதான்: தேதி, எடை, செட்டுகளும் (இடைவிடாமல் செய்யும் சுற்றுகள்) எண்ணிக்கையும், முடிவில் இன்னும் எத்தனை முறை செய்திருக்க முடியும் என்ற மதிப்பீடு. 40 கிலோ எடையில் 8 முறை வீதம் மூன்று செட் ஸ்குவாட் (எடையைத் தாங்கியபடி உட்கார்ந்து எழுவது) செய்தவர், சில வாரங்களில் அதே ஆழத்தில் 12 முறை வீதம் செய்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயிற்சி பலித்திருக்கிறது, அடுத்து 42.5 கிலோவுக்குப் போகலாம். வீட்டில் தண்டாலும் பஸ்கியும் எடுப்பவருக்கு எண்ணிக்கையே போதும். முதியவர்கள், 30 வினாடிகளில் கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டுக்கும் குறைகள் உண்டு. பாதி மட்டும் உட்கார்ந்து எழுந்தால் எண்ணிக்கை பொய்யாகக் கூடும். தூக்கம் கெட்ட நாளில் குறையும். தொடக்க வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு நரம்புகள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டதால் வருவது. தசை பருப்பது பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். எனவே ஒரு நாள் கணக்கைக் கொண்டு முடிவு செய்யாமல் நான்கு வாரப் பக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தசை வளர்ச்சியே நோக்கமானால் மாதம் ஒருமுறை அளவு நாடாவையும் எடுக்க வேண்டும்.

இரண்டு சாட்சிகளும் முரண்படும் நாளில், அதாவது தொடை வலிக்கிறது, ஆனால் இன்று மீண்டும் கால் பயிற்சி என்ற நாளில், நான் செய்வது இதுதான்: குறைந்த எடையில் உடலைச் சூடேற்றிப் பார்க்கிறேன், அசைவு வழக்கம்போல் இருந்தால் குறித்த எடைக்குச் செல்கிறேன், கால் தளர்ந்தால் எடையைக் குறைத்து, அந்தக் குறைவையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.