சோலார் போடப் போகிறீர்களா? மின்சாரம் ஓடும் வரை கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை இரவு என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். "அண்ணி, நீங்க சோலார் போட்டிருக்கீங்கள்ல, இது நல்ல விலையான்னு பார்த்துச் சொல்லுங்க." பெரிதாக்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேறு, லோகோ வேறு. ஆனால் நடுவில் எனக்கு வந்த தாளில் இருந்த அதே மஞ்சள் கட்டம், அதற்குள் அதே எண்: வருடத்துக்கு 18,250 யூனிட். கீழே ஆளின் பெயரும் அதேதான்.

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டதை அதனால்தான் இப்போது எழுதுகிறேன். பெயர்களைப் போடப் போவதில்லை. நிறுவனத்தின் பெயர் இதற்குள் ஒரு தடவை மாறிவிட்டது, இன்னொரு தடவையும் மாறும். அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், அது போதும்.

எங்களுடையது சிங்கப்பூரில் ஜாலான் காயு பக்கம் பழைய தரைவீடு. மாமனார் எண்பதுகளில் வாங்கியது, ஓட்டுக்கூரை. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுவோம். பகலில் அத்தை மட்டும்தான். மாதம் 900 யூனிட் ஓடும், அதில் பெரும்பங்கு இரவு ஏர்கான். 2024 பொங்கலுக்குத் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி துண்டுத்தாள் கொடுத்தார். முப்பது வயதிருக்கும். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், அத்தையிடம் ஊர் எது என்று விசாரித்தார், காப்பி வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாவது முறை வாங்கிக் குடித்தார். அதற்கு முன் வேறு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டிருந்தேன். இவர் வந்துபோன பிறகு அவர்களுக்குப் பதில்கூட அனுப்பவில்லை. நம்ம பிள்ளை, அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறான், ஏமாற்றவா போகிறான்?

அவர் காட்டிய கணக்கு இது. 420 வாட் பேனல் 24. மொத்தம் 10 கிலோவாட். ஒரு நாளைக்கு 5 மணி நேர வெயில், ஆக 50 யூனிட். வருடத்துக்கு 18,250. யூனிட்டுக்கு 32 காசு என்று போட்டால் 5,840 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், மிச்சம். விலை வரியோடு 17,800. "மூணே வருஷம்க்கா, அதுக்கப்புறம் எல்லாம் இலவசம்." கட்டணம் வருடத்துக்கு 5 விழுக்காடு ஏறும் என்று இன்னொரு பத்தியும் இருந்தது. அதையும் சேர்த்தால் மூன்று வருடம்கூட ஆகாதாம்.

பெருக்கல் எல்லாம் சரி. தப்பு அந்த 5 மணி நேரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தாலும் இங்கே மேகம் அதிகம், பாதி நாள் மத்தியானத்துக்கு மேல் மழை. கூரையில் விழும் வெயிலே சராசரியாக ஒரு நாளைக்கு நாலரை மணி நேரத்துக்குச் சமம்தான். அதுவும் முழுதாகக் கம்பிக்குள் இறங்காது. பேனலின் 420 வாட் என்பது 25 டிகிரியில் சோதித்த எண். நம் கூரையில் மத்தியானம் அது 60 டிகிரிக்குப் போகும், சூடு ஏற ஏற உற்பத்தி குறையும். பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரில் கொஞ்சம், வயரில் கொஞ்சம், தூசியில் கொஞ்சம் போகும். எல்லாம் போக இங்கே ஒரு கிலோவாட் பேனல் வருடத்துக்கு 1,100 முதல் 1,300 யூனிட் வரை தரும். அப்படியானால் எங்கள் கூரைக்கு ஏறத்தாழ 12,000. யாராவது 18,000 என்று எழுதிக் கொடுத்தால் அந்த இடத்திலேயே தாளை மடித்துக் கொடுத்துவிடலாம். இதை அன்றைக்கே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்பதும் அப்படித்தான். 2024 தொடக்கத்தில் வரி சேர்க்காமல் யூனிட் 30 காசை ஒட்டி இருந்தது. 2025 பிற்பாதியில் 28க்கும் கீழே வந்துவிட்டது. எரிவாயு விலையோடு ஏறி இறங்குகிற ஒன்று அது.

இன்னும் இரண்டு பொய்கள். ஊரே இருட்டானாலும் உங்கள் வீட்டில் மட்டும் லைட் எரியும் என்றார். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் அப்படி வேலை செய்யாது. வெளியே மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை பார்ப்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது, மகன் மின்கார் வாங்கப் போகிறான் என்று கேட்டதும் கார் சார்ஜர் ஒன்று இலவசம் என்றார். வந்தது ஒரு அட்டைப்பெட்டி. அதில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் ஒட்டுத்தாள் இல்லை. 2023 டிசம்பரிலிருந்து அந்த ஒப்புதல் இல்லாத சார்ஜரை இங்கே பயன்படுத்தவே கூடாது. பெட்டி இன்னும் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது.

பணம் கொடுத்த விதம்தான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். கையெழுத்துப் போட்டதும் 30 விழுக்காடு, பேனல் கூரை ஏறியதும் 60, மின்சாரம் ஓடத் தொடங்கியதும் 10. அப்போது நியாயமாகத்தான் பட்டது. யோசித்துப் பாருங்கள்: பேனலை ஏற்றுவது இரண்டு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் தலைவலி பிடித்த வேலை எல்லாம். உரிமம் பெற்ற மின்பணியாளர், இங்கே எல்லோரும் எல்இடபிள்யூ என்பார்கள், அவர் வந்து சோதிக்க வேண்டும், மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், நாம் வெளியே அனுப்பும் யூனிட்டையும் கணக்கெடுக்கும்படி மீட்டர் இருக்க வேண்டும். அதற்கெல்லாம் அவர்களுக்கு என்னிடமிருந்து வரவேண்டியது வெறும் 1,780 வெள்ளி. அந்த 1,780ஐ விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கூரை ஏறினால் அவர்களுக்கு லாபம்.

மே மாதம் பேனல் ஏறியது. நான்கு பேர், இரண்டு நாள், மூன்றாம் நாள் காலை 10,680 வெள்ளி என் கணக்கிலிருந்து போய்விட்டது. சுவரில் இன்வெர்ட்டர் தொங்கியது, திரையில் ஒன்றும் இல்லை. "அடுத்த வாரம் எல்இடபிள்யூ வருவார்க்கா." ஜூன் போனது. "எஸ்பியில க்யூக்கா." ஜூலையில் நானே எஸ்பிக்குப் போன் செய்தேன். எங்கள் முகவரிக்கு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள்.

அன்று இரவு ஒப்பந்தத்தை முதல்முறையாகக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அதில் ஒரு எல்இடபிள்யூவின் பெயரும் உரிம எண்ணும் இருந்தன. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடியதும் ஆள் கிடைத்துவிட்டார். உண்மையான உரிமம்தான். போன் செய்தேன். ஒரு சீனப் பெரியவர். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இன்னுமா என் பேரைப் போட்டுக்கிட்டிருக்காங்க?" என்று கேட்டார். அவர்களோடு வேலை செய்வதை நிறுத்தி வருடம் ஒன்று ஆகிறதாம். அவருக்கும் காசு பாக்கியாம்.

அவர் சொல்லித்தான் இன்னொரு எல்இடபிள்யூவை நானே பிடித்தேன். இந்தப் புதியவர் கூரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுப்பாக விரல் நீளத்தில் ஒரு இணைப்பான், ஒரு பேனல் வயரும் இன்னொரு வயரும் சேரும் இடத்தில் மாட்டுவது. ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் வேறு கம்பெனி. பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, கிளிக் என்று பூட்டிக்கொள்ளவும் செய்கிறது. ஆனால் உள்ளே உலோகம் சரியாகப் பொருந்தாமல் சூடேறும். கூரைச் சோலாரில் தீப்பிடிக்க இது ஒரு பெரிய காரணம் என்றார். எங்கள் கூரையில் அப்படி ஒன்பது. கீழே பேனல் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சுக்கு மூடி ஒரு பக்கம் திறந்து கிடந்தது, உள்ளே பல்லி முட்டை. மின்சாரம் ஓடாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று என்று அத்தை சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அத்தைக்கும் ஒரே கருத்து.

ஆகஸ்டில் ஒரு பெருமழை. சாமி அறையில் முருகன் படத்துச் சட்டம் உப்பியிருந்தது. படத்தை எடுத்தால் பின்னால் சுவர் முழுக்க ஈரம். கூரைக்காரர் வந்து பார்த்தார், பேனலுக்கு அடியில் ஏழு ஓடு விரிசல். நடக்கத் தெரியாமல் ஓட்டின் நடுவில் மிதித்திருக்கிறார்கள், விரிசலின் மேல் சிலிகோன் பசை பூசி மூடியிருக்கிறார்கள். பழைய ஓட்டுக்கூரை வைத்திருப்பவர்களே, ஒழுகினால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் கொட்டை எழுத்தில் இருந்தது. கூரை என்ற சொல்லே இல்லை.

எல்இடபிள்யூவுக்கும் விண்ணப்ப வேலைக்கும் 1,600. இணைப்பான், சுவிட்ச் மாற்ற 900. கூரை 2,400. மொத்தம் 4,900 வெள்ளி. என்னிடம் நிறுத்தி வைத்திருந்த 1,780ஐக் கழித்து 3,120 வெள்ளிக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டேன். இது பலருக்குத் தெரியாது: 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வைக்க அனுமதியே கிடையாது, எல்லாம் இணையத்திலேயே பதியலாம். எனக்கு ஆன கட்டணம் 10 வெள்ளி. படங்கள், வாட்ஸ்அப் பேச்சு, எல்இடபிள்யூவின் அறிக்கை, கூரைக்காரரின் ரசீது, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தேன். வந்தவர் அந்தத் தம்பி இல்லை, நிறுவனத்தின் இயக்குநர். என் முகத்தையே பார்க்கவில்லை. 2,000 வெள்ளியை நான்கு தவணையில் தருவதாக ஒத்துக்கொண்டார். இரண்டு தவணை வந்தது. மூன்றாவது மாதம் அவர் எண் வேலை செய்யவில்லை. உத்தரவு கையில் இருந்தாலும் பணத்தை வசூலிப்பது நம் பாடு. அதற்குத் தனியாக நீதிமன்றப் படி ஏற வேண்டும். மிச்சம் 1,000 வெள்ளிக்காக எனக்குத் தெம்பில்லை.

சோலாரே ஏமாற்று வேலை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 செப்டம்பரில் எங்கள் வீட்டில் மின்சாரம் ஓடத் தொடங்கியது. முதல் முழு வருடத்தில் 11,600 யூனிட். பகலில் வீட்டில் அத்தை மட்டும்தான் என்பதால் 4,200தான் நாங்கள் பயன்படுத்தினோம், மீதி 7,400 வெளியே போனது. வெளியே போவதற்கு முழுக் கட்டணம் கிடைக்காது, கட்டமைப்புச் செலவைக் கழித்துக்கொண்டுதான் பில்லில் வரவு வைப்பார்கள். எங்கள் பில்லில் யூனிட்டுக்கு 20 காசுக்குச் சற்று மேல். இதையும் அந்தத் தம்பி சொல்லவில்லை. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 2,800 வெள்ளி மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏழு வருடம் ஆகும். மூன்று வருடம் என்று கேட்ட காதுக்கு ஏழு கசக்கிறது, அவ்வளவுதான். இப்போது அத்தை துணி துவைப்பதைப் பத்து மணிக்கு மாற்றிவிட்டார். "வெயில் அடிக்குது, மெஷினைப் போடு" என்று ஞாயிற்றுக்கிழமையும் எழுப்புகிறார்.

இன்னொன்று. கேட்காமல் கதவைத் தட்டி விற்க வருபவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்ய இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. எங்களுக்கு அது உதவவில்லை, வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டதே நான்தானே.

நாத்தனாரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதச் சொன்னேன். ஒன்று, வருடத்துக்கு 12,000 யூனிட்டுக்குக் குறைந்தால் வித்தியாசத்தைத் தருவேன் என்று எழுதிக் கொடுப்பாரா. இரண்டு, எல்இடபிள்யூ யார், அவருடைய எண் என்ன, கையெழுத்துக்கு முன்னால் நான் அவரோடு பேச வேண்டும். மூன்று, 40 விழுக்காடு பணம் மின்சாரம் ஓடி, முதல் பில்லில் வரவு வந்த பிறகுதான். அவள் அந்தத் தம்பிக்கு அப்படியே எழுதி அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: "அக்கா, இதெல்லாம் போன்ல பேசினா புரியாது, சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்ல வந்து விளக்குறேன்."

கெம்பங்கானில் அவள் வீடு. சனிக்கிழமை பத்தரைக்கே நான் அங்கே போய்விடுவேன். காப்பி நானே போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.