மொரீஷியஸில் சுகருக்கு நல்ல கவனிப்பு இருக்கிறது, ஹார்மோனைத்தான் யாரும் கேட்பதில்லை

ஊரில் சர்க்கரை வைத்தியத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன். மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது அக்காவோடும் அத்தானோடும் டிஸ்பான்சேருக்கு, அதாவது அரசின் சிறு மருத்துவ நிலையத்துக்கு, போய்வந்தேன். காசு ஒரு பைசா இல்லை. காலையிலேயே வரிசை நீண்டுவிடும், ஆனாலும் சுகர், பிரஷர், எடை எல்லாம் பார்த்து, டாக்டரையும் பார்த்து, மருந்து ஜன்னலில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையோடு வெளியே வந்துவிடலாம். கண்ணைப் படம் எடுக்கவும் பாதத்தைப் பார்க்கவும் தனியே தேதி தருகிறார்கள்.

இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. 1987-லேயே பெரிய கணக்கெடுப்பு நடத்தி, அதே ஆண்டில் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றிய அரசு இது. மக்களின் கொலஸ்ட்ரால் அதில் நன்றாக இறங்கியது. இவ்வளவு அக்கறை உள்ள இடத்தில் ஒரு கேள்வி விடுபட்டிருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

அக்காவுக்கு 52 வயது. மாதவிடாய் நின்ற பிறகு இரவில் வியர்த்துக் கொட்டித் தூக்கம் போனது. சாப்பாடு அதேதான், இடுப்பு மட்டும் பெருத்தது, காலைச் சுகர் ஏறிக்கொண்டே வந்தது. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே முகம் சிவந்து, சுகர் அட்டையை விசிறியாக்கிக்கொண்டாள். உள்ளே டாக்டர் சொன்னது, "சோறைக் குறைங்க." மாதவிடாய் நின்றுவிட்டதா, தூக்கம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். அது குறைந்தால் தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு நகரும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். இதெல்லாம் ஒரே உடம்பில்தானே நடக்கிறது?

சரி என்று மெட்ரோ பிடித்து க்யூர்பிப்பில் ஒரு தனியார் மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா பேனாவை எடுக்கும் முன்பே நிறையக் கேட்டார். வீட்டில் யாருக்காவது மார்புப் புற்றுநோய் உண்டா, காலில் ரத்தம் உறைந்ததுண்டா, கர்ப்பப்பை இருக்கிறதா? பிறகு கையில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், இரவில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் மாத்திரையும் எழுதினார். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம், அதற்குத்தான் இரண்டாவது. ஏன் ஜெல் என்றும் விளக்கினார். வாய்வழி மாத்திரை முதலில் ஈரலுக்குப் போய் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றும், ரத்தம் உறையும் வாய்ப்பையும் கூட்டும். தோல் வழியே போனால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அக்காவுக்கு டிரைகிளிசரைடு ஏற்கெனவே அதிகம்.

"இதைப் போட்டா சுகர் மாத்திரையை விட்டுடலாமா டாக்டர்?" என்று அக்கா ஆசையாகக் கேட்டாள். கூடாது என்றார். அமெரிக்காவில் 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த பெண்களுக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஆய்வில் பக்கவாதமும் ரத்த உறைவும் மார்புப் புற்றுநோயும் கூடின. அதனால் சர்க்கரையைத் தடுக்க இதை யாரும் கொடுப்பதில்லை. வியர்வைக்கும் தூக்கத்துக்கும் எலும்புக்கும்தான். அந்தச் செய்தியின் பயம் நம் பெண்களிடம் இன்னும் இருக்கிறது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது பலருக்குத் தெரியாது. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

அத்தான் கதைதான் எனக்குக் கோபத்தை மூட்டியது. களைப்பு என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். மத்தியானம் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு, உடனே அதன் ஊசி, "சுகரும் போய்விடும்" என்ற வாக்குறுதி வேறு. இந்த ஹார்மோனைக் காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாளில் பார்க்க வேண்டும். தொப்பையும் சர்க்கரையுமே அதைக் குறைக்கும். எடை இறங்கினால் தானாக ஏறும்.

ஊசியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இரண்டாண்டு எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்தார்கள். அதோடு ஊசியும் போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 21 சதவீதத்தினருக்கும் முடிவில் சர்க்கரை இருந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரத்தம் தடித்துப்போனது. 2023-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் மாரடைப்பு கூடவில்லை, இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் கூடின. அதில் சர்க்கரைக்கும் பலன் தெரியவில்லை. அப்படியிருக்க, ஊசி போட்டவரிடம் ரத்தத்தின் தடிப்பைக்கூடப் பார்க்காமல் அடுத்த தேதி கொடுத்திருந்தார்கள்.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே பார்த்ததில் ரத்தத்தின் தடிப்பைக் காட்டும் ஹீமாட்டோக்ரிட் 55, அதிகம். ஊசியை நிறுத்தச் சொல்லி, சில மாதம் கழித்துக் காலையில் மறுபடி பரிசோதிக்க எழுதித் தந்தார்கள்.

டிஸ்பான்சேர் அட்டையில் கண்ணுக்கும் பாதத்துக்கும் கட்டம் இருப்பதுபோல, பெண்களுக்கு மாதவிடாய் நின்ற வயதுக்கும் ஒரு கட்டம் போட்டால் போதும், பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். காவடிக்கு ஊர் போகிறவர்கள் நாற்பத்தைந்து தாண்டிய அக்கா, அண்ணியோடு ஒருமுறை டாக்டரிடம் கூடப் போங்கள், கூச்சத்தில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஜெல் சில பார்மசியில் தீர்ந்துபோகிறது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அக்காவுக்கு மூன்று மாதத்தில் மறுபடி தேதி. அதற்குள் மூன்று மாதச் சுகர் சராசரியும் கொழுப்பும் டிஸ்பான்சேரிலேயே இலவசமாக எடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அந்த டாக்டரம்மா, வெளியே காசு கொடுக்க வேண்டாம் என்று.