கறுப்புப் புகை: ஸ்கேனரா, எமிஷன் ரிப்போர்ட்டா, பிளக்கா?

சைலன்சர் வாயில் கரி, பின்னால் நின்றால் பெற்றோல் வாடை, லீற்றருக்கு ஓடும் தூரமும் குறைவு. எஞ்சின் ரிச்சாக, அதாவது காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலோடு, ஓடுவது தெரிந்துவிட்டது, ஏன் என்றுதான் தெரியவில்லை. கொழும்பில் இதற்கு நாலு வழி உண்டு: எஞ்சின் கொம்பியூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடுவது, எமிஷன் (புகைப் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் படிப்பது, ஸ்பார்க் பிளக் கழற்றுவது, நேரே உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய், புகையில் உள்ள ஒக்சிஜனை அளக்கும் ஒரு ஒக்சிஜன் சென்சர் வாங்கி மாட்டுவது. பலருக்கும் முதலில் தோன்றுவது நாலாவதுதான். நாலிலும் மோசமானதும் அதுவே.

ஸ்கேனரில் பி0172 கோட் வந்தால், ரிச் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. பார்க்கவேண்டியது ஃபியூவல் ட்ரிம்: கொம்பியூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. எஞ்சின் சூடேறி, ‘குளோஸ்ட் லூப்’ (ஒக்சிஜன் சென்சரைப் பார்த்துப் பெற்றோலைத் திருத்தும் நிலை) என்று காட்டிய பிறகு ஷோர்ட் டேர்ம் (உடனடி), லோங் டேர்ம் (நீண்டகால) ட்ரிம் இரண்டையும் கூட்டுங்கள். மைனஸ் 10 சதவீதத்துக்கும் கீழே போனால், கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ஐட்லிங்கில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறை பாருங்கள். ஐட்லிங்கில் மட்டும் மைனஸ் என்றால் கொஞ்சமாக எங்கோ பெற்றோல் உள்ளே போகிறது: மூடாத பேர்ஜ் வால்வு (டாங்கியின் பெற்றோல் ஆவியை எஞ்சினுக்கு விடுவது), சொட்டும் இன்ஜெக்டர், அல்லது ஒயிலில் கலந்த பெற்றோலின் ஆவி. பேர்ஜ் குழாயை நசுக்கிப் பிடித்ததும் ட்ரிம் பூச்சியத்தை நோக்கி வந்தால் வால்வுதான். டிப்ஸ்டிக்கில் பெற்றோல் மணத்தால் ஒயில். இரண்டு வேகத்திலும் மைனஸ் என்றால் ஃபியூவல் பிரஷரையும், உள்ளே போகும் காற்றை அளக்கும் எயார் ஃப்ளோ சென்சரையும் சந்தேகியுங்கள். 1500 சிசி எஞ்சின் ஏசி இல்லாமல் ஐட்லிங்கில் வினாடிக்கு ஏறக்குறைய 2 கிராம் காற்றுத்தான் இழுக்கும்; அதைவிட மிகக் கூடுதலாகக் காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. ரிட்டர்ன் குழாய் உள்ள பழைய வண்டியில் பிரஷர் ரெகுலேட்டரின் வெக்கியூம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது.

ஸ்கேனர் ஏமாறும் இடமும் உண்டு. ‘வெயில் நாட்டுக்கு எதற்கு’ என்று, எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட் ஓட்டத்தைத் தடுக்கும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த வண்டிகள் இங்கே தாராளம். எஞ்சின் சூடேறாததால் கொம்பியூட்டர் குளிர் எஞ்சினுக்கான கணக்கிலேயே கூடுதல் பெற்றோல் கொடுக்கும். லூப் மூடாவிட்டால் ட்ரிம் அப்பாவியாகப் பூச்சியத்தில் நிற்கும். அதனால் கூலன்ட் சூட்டையும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் அது வெளிக்காற்றின் சூட்டோடு, அதாவது கொழும்பில் 27, 28 பாகையோடு, ஒத்துப்போகவேண்டும். ஓடிச் சூடானபின் 85க்கு மேல் நிற்கவேண்டும். இன்னொன்று, மலிவான புளூடூத் ஸ்கேனர் சில பழைய ஜப்பான் இறக்குமதி வண்டிகளோடு பேசவே பேசாது.

வண்டியின் வருடாந்த லைசன்சுக்காக எடுக்கும் எமிஷன் ரிப்போர்ட் வண்டியின் சென்சர் எதையும் நம்புவதில்லை. அதன் பலமே அதுதான். கார்பன் மொனொக்சைட் கூடினால் ரிச். ஹைட்ரோகார்பன் (எரியாத பெற்றோல்) மட்டும் கூடினால் பெரும்பாலும் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை. இதை ரிச் என்று எடுத்துக்கொண்டு இன்ஜெக்டர் கழுவக் கொடுப்பது வீண் செலவு. ட்ரிம் பிளஸ்ஸில் இருக்க ரிப்போர்ட்டில் மொனொக்சைட் எகிறினால், ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால் எக்ஸோஸ்ட் கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள். வெளிக்காற்று புகுந்து, சென்சர் ‘லீன்’ (பெற்றோல் போதாது) என்று பொய் சொல்ல, கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டுகிறது. ஸ்கேனரை மட்டும் வைத்து இதைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் ரிப்போர்ட்டும் ஏமாறும்: புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் இலேசான ரிச்சை மறைத்துவிடும். அதைக் கழற்றி விற்றுவிட்ட வண்டியில் கலவை சரியாக இருந்தாலும் அளவு கூடும்.

பிளக்குக்கு ஒரே வேலைதான், எந்த சிலிண்டர் என்று காட்டுவது; அதில் அதை விஞ்ச ஆளில்லை. நாலும் காய்ந்த கரி என்றால் பொதுவான காரணம். ஒன்று மட்டும் கறுப்பென்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் அல்லது கொயில். காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து கழற்றினால் நல்ல எஞ்சினின் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட்டிவிட்டுக் கழற்றுங்கள்.

ஒக்சிஜன் சென்சர் மாற்றுவதற்கு முன், எஞ்சின் ஓடும்போது ஒரு வெக்கியூம் குழாயை இழுத்துவிட்டு, காற்றுக் கூடும்போது சென்சர் என்ன காட்டுகிறது என்று ஸ்கேனரில் பாருங்கள். சாதாரண ஒக்சிஜன் சென்சர் 0.8, 0.9 வோல்ட்டிலிருந்து சட்டென்று 0.2க்குக் கீழே விழுந்தால் அது நலம். ரிச் என்று அது சொன்னது உண்மை. டொயோட்டாவின் எயார் ஃபியூவல் சென்சரில் கணக்கு தலைகீழ்: 3.3 வோல்ட்டுக்குக் கீழே போவதுதான் ரிச்.

எயார் ஃபில்டர் அடைப்பு கார்பரேட்டர் வண்டிக்குப் பொருந்தும் கதை. எயார் ஃப்ளோ சென்சர் உள்ள எஞ்சினில் காற்றுக் குறைந்தால் பெற்றோலும் குறையும். 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு 95 அடித்தாலும் கலவை மாறாது.

பழுதைத் திருத்தியபின் லோங் டேர்ம் ட்ரிமை ரீசெட் செய்து, ஒயிலையும் மாற்றுங்கள். பெற்றோல் கலந்த பழைய ஒயில் கிடந்தால் அதன் ஆவியாலேயே ட்ரிம் மறுபடி மைனஸுக்குப் போகும்.