காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிக் கரைசல்: நிறத்தை நம்பலாம், பிரகாசத்தை அளந்து பாருங்கள்

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டரே உள்ள படிகத் துகள், அளவு மாறினால் அது ஒளிரும் நிறமும் மாறும். அப்படிப்பட்ட துகள்களை ஆய்வகங்களுக்கு விற்கும் சிறு புட்டி இது. காட்மியம் செலினைடு கரு, மேலே துத்தநாக சல்பைடு ஓடு, அதைச் சுற்றி நீண்ட சங்கிலி அமீன். எல்லாம் டொலுயீனில் மிதக்கின்றன. உமிழும் ஒளியின் அலைநீளம் 560 நானோமீட்டர் என்று லேபிள் ஒட்டிய புட்டியை 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் காட்டினால் மஞ்சள் கலந்த பச்சையாகப் பளிச்சிடும்.

நிறத்தில் ஏமாற்றம் இருக்காது. பெரிய படிகமாக இருக்கும்போது இப்பொருளின் பட்டை இடைவெளி (எலக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல்) 1.74 எலக்ட்ரான் வோல்ட், அலைநீளமாகச் சொன்னால் சுமார் 710 நானோமீட்டர். கரு சிறிதாகச் சிறிதாக இடைவெளி கூடி அலைநீளம் குறையும், மூன்று நானோமீட்டர் சொச்சத்துக்குச் சுருங்கினால்தான் 560 கிடைக்கும். உமிழும் ஒளியின் நிறமாலையில் உச்சத்தின் அரை உயர அகலம் (பாதி உயரத்தில் அளந்த அகலம்) 25 முதல் 35 நானோமீட்டருக்குள் இருந்தால் நல்ல சரக்கு. 40ஐத் தாண்டினால் பல அளவுத் துகள்கள் கலந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

உச்சம் லேபிளைவிடச் சில நானோமீட்டர் சிவப்புப் பக்கம் தள்ளி வருகிறதா? விற்றவரிடம் சண்டைக்குப் போகுமுன் கரைசலை நீர்க்கச் செய்யுங்கள். அடர்ந்த கரைசல் தான் உமிழ்ந்த ஒளியின் நீல ஓரத்தைத் தானே விழுங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (அளவிடப் பயன்படும் ஒளிபுகும் சிறு பாத்திரம்) உட்கவர்வு, அதாவது கரைசல் ஒளியை விழுங்கும் அளவு, 0.1க்குக் கீழே வரவேண்டும். பாலிஸ்டைரீன் குவெட் மட்டும் வேண்டாம், டொலுயீன் அதைக் கரைத்துவிடும்.

குவாண்டம் விளைச்சல்தான் (விழுங்கிய ஒளித்துகள்களில் எத்தனை பங்கு ஒளியாகத் திரும்புகிறது என்ற விகிதம்) தகராறு. லேபிளில் உள்ளது தயாரித்த அன்றைய எண். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது இறங்கும். எத்தனாலில் கரைத்த ரோடமைன் 6ஜி என்ற ஒளிரும் சாயத்தை (விளைச்சல் 0.95) ஒப்பீடாக வைத்து, இரண்டையும் 480 நானோமீட்டரில் தூண்டுங்கள். இரண்டு கரைப்பான்களும் ஒளியை வேறு வேறு அளவில் வளைப்பதால் ஒளிவிலகல் எண் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள். டொலுயீனுக்கு 1.496, எத்தனாலுக்கு 1.361, இவற்றின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால் 1.21. மறந்தால் விடை ஆறில் ஒரு பங்கு குறைந்து, நல்ல சரக்கும் மட்டமாகத் தெரியும்.

துகள்களைக் கழுவுவதிலும் கை அடக்கம் தேவை. எத்தனால் சேர்த்து வீழ்படிவாக்கி, மைய விலக்கியில் சுழற்றி, மீண்டும் டொலுயீனில் கரைப்பது ஒருமுறை போதும். திரும்பத் திரும்பக் கழுவினால் அமீன் உரிந்துபோய், மேற்பரப்புக் குறைகள் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும். பிரகாசம் சரியும், துகள்கள் கட்டிதட்டிக் கரைசலும் கலங்கும். சிறிய துகள்களில் மேற்பரப்பின் பங்கு அதிகம் என்பதால் 520 புட்டி இதில் இன்னும் மென்மையானது. முதல்முறை வாங்குபவர்களுக்கு 620 தான் பாதுகாப்பு.

இருட்டில், 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். காட்மியக் கழிவுக்குத் தனிப் புட்டி வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத ஆய்வகம் காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடு புள்ளிகளை வாங்கட்டும், உச்சம் கொஞ்சம் அகலமாக வந்தாலும் பரவாயில்லை.