தோப்பு அடுப்பில் காலைப் பலகாரம்: தோசைக்கல்லா, புட்டுக்குடமா?

செங்கோட்டைக்கு அருகே மேக்கரைப் பக்கத்து மலையடிவாரத் தோப்புகளில் கோடை விடுமுறையின்போது ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் அங்கேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழக்கம் எங்கள் உறவினர் வட்டத்தில் நெடுநாளாக உண்டு. காலைக்கு எதைச் சமைப்பது என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் வழக்கு. தோசைக்கல் வந்தே ஆக வேண்டும் என்பது என் மதினியின் கட்சி. ஒரு சட்டியில் ரவை உப்புமாவைக் கிண்டி இறக்கினால் வேலை முடிந்தது என்பது மற்றவர்களின் கட்சி. நான் இரண்டையும் விட்டுப் புட்டுக்குடத்துக்கு மாறிவிட்டேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுநிலை வகிப்பதாகப் பாவனை செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.

செலவில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. சுமையைப் பார்த்தால் வார்ப்பிரும்புக் கல்தான் கனம். காரில் போகிறவர்களுக்கு அதுவும் ஒரு பொருட்டன்று. சுவை அவரவர் நாக்கைப் பொறுத்தது, அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே இவற்றை இத்துடன் விட்டுவிட்டு, என் கணக்கில் எல்லாவற்றையும் முடிவு செய்கிற ஒன்றுக்கு வருகிறேன்: விறகுத் தீயின் குணம்.

வீட்டில் எரிவாயு அடுப்பின் குமிழைத் திருகினால் தீ நாம் சொன்னபடி கேட்கும். மூன்று கல் அடுப்பில் அது நடக்காது. தோசை முறுக வேண்டுமானால் கல்லின் சூடு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸில், பரப்பு முழுவதும் ஒரே சீராக நிற்க வேண்டும். விறகின் சுடரோ காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் சாய்கிறது. ஆரியங்காவுக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் எங்கள் பகுதியில் காற்று எந்நேரம் கிளம்பும் என்று சொல்ல முடியாது. அதனால் கல்லின் ஒரு விளிம்பு கருகும்போது எதிர் விளிம்பில் மாவு வெள்ளையாகவே கிடக்கும். சுடர் அடங்கிக் கங்கு படியும்வரை பொறுத்திருந்து வார்த்தால் தோசை நன்றாகவே வரும் என்பது உண்மை. ஆனால் நல்ல கங்கு படிவதற்கு அரை மணி நேரமாவது ஆகும். படிந்த கங்கு தணிவதற்குள் எல்லோருக்கும் வார்த்து முடிக்கவும் வேண்டும். பசியோடு தட்டை ஏந்தி நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த நியாயமெல்லாம் புரியாது.

புட்டு வேகிற விதம் வேறு. குடத்துத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால், கீழே தீ சீறி எரிந்தாலும் சற்றுத் தணிந்தாலும், குடத்தின்மேல் பொருத்திய, மாவு அடைத்த குழலுக்குள் ஏறும் ஆவியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். தீ கூடினால் ஆவி அதிகமாக வரும். குறைந்தால் மெதுவாக வரும். மாவு கருகுவதற்கு வழியே இல்லை. தண்ணீர் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தவிரச் சமைப்பவருக்கு வேறு கவலை கிடையாது. அந்த நேரத்தில் கட்டன் சாயா குடிக்கலாம், பழம் நறுக்கலாம், யாராவது கதை சொன்னால் கேட்கவும் செய்யலாம். தோசைக்கல்லின் முன்னால் நிற்பவருக்கு இந்தச் சலுகை இல்லை என்பதை, ஆண்டுதோறும் கடைசி ஆளாக உட்கார்ந்து சாப்பிடும் மதினியே ஒப்புக்கொள்வார்.

உப்புமா இந்தச் சோதனையில் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தாளிப்பதும் தண்ணீர் கொதிப்பதும் எந்தத் தீயிலும் நடக்கும். ரவையைக் கொட்டிக் கிளறியபின் தீயைத் தணிக்க வேண்டிய கட்டத்தில்தான் சிக்கல். எரிகிற விறகை வெளியே இழுத்தால் புகை கண்ணைக் கரிக்கும், இழுக்காவிட்டால் உப்புமா அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதற்குச் செலவாகும் தண்ணீர், தோப்பில் பம்புசெட் ஓடாத நாளில் பெரிய செலவுதான்.

தோப்பில் கிடைக்கும் விறகும் புட்டுக்கே தோதாக அமைகிறது. காய்ந்த தென்னை மட்டை, கொதும்பு, பன்னாடை ஆகியவை ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். ஆனால் குப்பென்று எரிந்து விரைவில் அடங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தோசைக்கல் தாங்காது, புட்டுக்குடம் தாங்கும். கொதி வந்தபின் சிரட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுவந்தாலே போதும். அவற்றின் கங்கு உறைப்பாகவும் நெடுநேரமும் நிற்கும். தோசைதான் வேண்டும் என்பவர்கள் புளிய விறகு போன்ற கனத்த கட்டையைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

அடுத்தது மாவு. கோடை வெயிலில் தோசை மாவு ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மாலையில் கிளம்பி, இரவைத் தோப்பில் கழித்து, காலையில் தூக்கைத் திறக்கும்போது மாவு பெரும்பாலும் புளித்துப்போயிருக்கும். மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தாலும் வியப்பில்லை. பனிக்கட்டிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது சிக்கலாக இராது. வறுத்த புட்டு மாவுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு எதுவும் தேவையில்லை. ஈரம் படாத டப்பாவில் அடைத்துவிட்டால் பயணத்தில் அதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் புட்டு அன்றாடப் பலகாரம். வெள்ளை, செம்பா (சிவப்பரிசி) இரண்டு வகை மாவுமே கடைகளில் கிடைக்கின்றன. என் விருப்பம் செம்பா.

செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. உப்புக் கலந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கைப்பிடியில் அழுத்தினால் கொழுக்கட்டையாக நிற்கவும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டிய பதத்துக்குப் பிசிற வேண்டும். கோடைக் காற்றில் பிசிறிய மாவு விரைவில் உலர்ந்துவிடுவதால், பத்து நிமிடம் ஈரத்துணியால் மூடிவைத்து, மறுபடியும் ஒரு கை தெளித்துக்கொள்வது என் பழக்கம். தேங்காய்த் துருவலும் மாவுமாக மாற்றி மாற்றி அடைத்து, குழலின் மேல்மூடித் துளையில் ஆவி வந்தபின் ஐந்து நிமிடம் விட்டால் வெந்துவிடும்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பிரஷர் குக்கரின் மேல் பொருத்தும் குழல் வீட்டுக்கு வசதியானது. விறகடுப்பில் குக்கரின் கைப்பிடியும் ரப்பர் வளையமும் சுடரில் கெட்டுப்போகும். முழுவதும் உலோகத்தாலான பழைய பாணிக் குடமே இதற்குச் சரி. குடத்துக்கும் குழலுக்கும் இடையில் ஆவி கசிந்தால் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம். குடத்தின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால், கரி பாத்திரத்தில் ஒட்டாமல் பூச்சோடு கழன்று வந்துவிடும். குழல் இல்லாதவர்கள் கண் திறந்த தேங்காய்ச் சிரட்டையைக் குறுகிய வாயுள்ள செம்பின்மேல் கவனமாக இருத்திச் சிரட்டைப் புட்டு அவிக்கலாம். நான் அதை எப்போதாவதுதான் செய்திருக்கிறேன். மணம் நன்றாக இருந்தது, அளவு ஒருவருக்குத்தான் போதுமானதாக இருந்தது.

தொடுகறிக்கு, இரவெல்லாம் ஊறவும் நெடுநேரம் வேகவும் வேண்டிய கொண்டைக்கடலையைத் தோப்பில் முயல வேண்டாம் என்பேன். சிறுபயறு ஊறாமலே வெந்துவிடும். பப்படத்தைக் கங்கிலேயே சுட்டுக்கொள்ளலாம். கோடை என்பதால் அதற்கும் மேலான வழி மரத்திலேயே இருக்கிறது. பழுத்த பலாச்சுளையைப் பொடியாக நறுக்கித் தேங்காய்த் துருவலுக்குப் பதிலாகக் குழலில் அடுக்கி அவித்தால் சர்க்கரையே வேண்டியதில்லை. மாம்பழமும் ஏத்தன்பழமும் வெந்த புட்டோடு பிசைந்து தின்னத்தான் சுவை. மாம்பழத்தை உள்ளே வைத்து அவித்தால் நீர் விட்டு மாவு குழைந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு செம்பு நீர்மோர் இருந்தால், பத்து மணி வெயில் ஏறும்வரை வேறொன்றும் கேட்கத் தோன்றாது.

தோசைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: நெய் விட்டு, விறகுப் புகை மணத்தோடு முறுகிய தோசைக்கு இணையாகப் புட்டு ஒருநாளும் ஆகாது. இரண்டு மூன்று பேர் மட்டும் போய், கங்கு படியும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருந்தால், தோசைக்கல்லையே எடுத்துச் செல்லுங்கள். இவை எல்லாவற்றுக்கும் உண்மையான போட்டி, முந்தின இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காலையில் அடுப்பே மூட்ட வேண்டாம், கோடைக்கு அதைவிடக் குளுமையும் வேறில்லை. அடுப்பு மூட்டும் மகிழ்ச்சிக்காகவே தோப்புக்குப் போகிறவர்கள் என்பதால் நாங்கள் அதைத் தேர்வதில்லை.

எதைச் சமைத்தாலும் தனியார் தோப்பில், உரியவரின் அனுமதியோடு, சருகைக் கூட்டி அகற்றிய வெறும் தரையில்தான் தீ மூட்ட வேண்டும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தது தேனி மாவட்டத்தில் என்றாலும், காய்ந்த புல்லும் கோடைக் காற்றும் இந்த மலைக்கும் பொதுவானவை. சமையல் முடிந்தபின் குடத்தில் எஞ்சும் வெந்நீரை ஓரமாக நின்று கங்கின்மேல் மெதுவாக ஊற்றி, கிளறி, மறுபடியும் பச்சைத் தண்ணீர் ஊற்றி, சாம்பல் கைக்குச் சில்லென்று படுகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புகிறோம்.

ஒரு குழல் புட்டு இருவருக்குக் காணும். ஆறேழு பேர்வரை ஒரே குடத்தை வைத்து எளிதாகச் சமாளித்திருக்கிறேன். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால், முதல் குழல் வாங்கியவர் மறுசோறு கேட்கும்போது கடைசி ஆள் இன்னும் காத்திருப்பார். பத்துப் பேரைத் தாண்டிய கூட்டத்துக்கு நான் புட்டு அவித்துப் பார்த்ததில்லை. அந்த எண்ணிக்கைக்கு, அடிகனத்த உருளியும் தீயைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆளும் இருந்தால், உப்புமாக் கட்சிக்கே என் ஓட்டு.